நரம்பைக் காக்குமா ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை?

‘இயற்கை’ என்ற பெயரில் எம்.எஸ். நோயாளிகளிடம் விற்கப்படும் கேப்ஸ்யூல்கள் மருத்துவப் பரிசோதனைகளில் வாங்கிய மதிப்பெண் என்ன?

யூரிக் ஆசிட் கூடிப்போனவர்களைக் கேட்டால் தெரியும். நடுராத்திரியில் கால் கட்டைவிரல் வீங்கிச் சிவக்கும். போர்வை நுனி பட்டாலே உயிர் போகும். கவுட் என்கிற அந்த நோயால் ஒரு நன்மையும் உண்டு என்று யாராவது சொன்னால் அடிக்க வந்துவிடுவார்கள். ஆனால், 1998-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து அப்படித்தான் ஒரு சேதி வந்தது. தாமஸ் ஜெஃபர்சன் பல்கலைக்கழகத்தின் கிரெய்க் ஹூப்பர், ஹிலாரி கொப்ரோவ்ஸ்கி குழுவினர் 2 கோடிக்கும் மேற்பட்ட நோயாளிப் பதிவுகளை அலசிப் பார்த்தார்கள். கவுட் இருப்பவர்களிடம் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்ற எம்.எஸ். நோய் இல்லை. அது இருப்பவர்களிடம் கவுட் இல்லை. இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்திருப்பது அபூர்வத்திலும் அபூர்வம்.

கொப்ரோவ்ஸ்கி லேசுப்பட்ட ஆள் இல்லை. சேபினின் சொட்டு மருந்து வருவதற்குப் பல வருடங்கள் முன்பே, 1950-ல், வாய்வழி போலியோ தடுப்பு மருந்தை ஒரு குழந்தைக்குக் கொடுத்துப் பார்த்தவர். அவருடைய குழு சொன்ன விளக்கம் இதுதான்: எம்.எஸ். நோயில் மூளையிலும் தண்டுவடத்திலும் பெராக்ஸிநைட்ரைட் என்ற மூர்க்கமான ரசாயனம் உருவாகி நரம்புகளைப் பதம்பார்க்கிறது. யூரிக் ஆசிட் அதை மடக்கிவிடும். நம் ரத்தத்தில் ஓடும் இயற்கையான ஆன்டிஆக்ஸிடன்ட்களில் அதுவும் முக்கியமான ஒன்று. எம்.எஸ். மாதிரியான நோயை வரவழைத்த எலிகளுக்கு யூரிக் ஆசிட் கொடுத்தார்கள், பாதுகாப்பு கிடைத்தது. எம்.எஸ். நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். யூரிக் ஆசிட் குறைவாக இருந்தது. கணக்கு எல்லாப் பக்கமும் டேலி ஆகிவிட்டது. நோயாளியின் ரத்தத்தில் யூரிக் ஆசிட்டை ஏற்ற வேண்டியதுதான் பாக்கி.

யூரிக் ஆசிட்டை நேராக விழுங்கிப் பயனில்லை, குடலிலேயே சிதைந்துவிடும். அதனால் இனோசைனைக் கொடுத்தார்கள். ஜிம் பையன்களுக்கு டப்பாவில் அடைத்து விற்கிற அதே சப்ளிமென்ட்தான். உள்ளே போய் யூரிக் ஆசிட்டாக மாறும். 16 பேர் பங்கேற்ற ஒரு சிறிய பரிசோதனையில் ரத்த அளவு நன்றாகவே ஏறியது. கூடவே 4 பேருக்குச் சிறுநீரகக் கல்லும் வந்தது. பிறகு 159 நோயாளிகளை வைத்து ஒரு முறையான பரிசோதனை. எல்லோருக்கும் எம்.எஸ்.ஸுக்கு வழக்கமான இன்டர்ஃபெரான் ஊசி. அதோடு ஒரு பிரிவுக்கு இனோசைன், இன்னொரு பிரிவுக்கு அதே தோற்றத்தில் போலி மாத்திரை. முடிவு 2010-ல் வெளியானது. இரண்டு பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை.

யூரிக் ஆசிட் குறைந்ததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் யூரிக் ஆசிட் செலவழிந்ததா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் தாண்டிப் போனதுதான் இடறிவிட்டது. அந்த ஆராய்ச்சியில் மோசடி எதுவும் இல்லை. நேர்மையான, புத்திசாலித்தனமான ஊகம், சோதித்துப் பார்த்தபோது நிற்கவில்லை. இன்று ‘நரம்புத் தளர்ச்சிக்கும் எம்.எஸ்.ஸுக்கும் இயற்கைத் தீர்வு’ என்று மொபைலில் வரும் விளம்பரங்களுக்குப் பின்னாலும் இதே மாதிரி பாதி நிஜமான ஓர் ஊகம் இருக்கிறது. சோதனையின் முடிவைத்தான் விளம்பரக்காரர்கள் சொல்வதில்லை.

நிஜமான பாதி

எம்.எஸ். என்று மருத்துவமனைகளிலும், தண்டுவட மரப்பு நோய் என்று அரசுப் படிவங்களிலும் குறிப்பிடப்படும் இந்த நோயை 1868-ல் பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ழான் மார்ட்டின் சார்க்கோ தெளிவாக விவரித்தார். நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. உடலின் சொந்த எதிர்ப்பு சக்தியே அதை அந்நியன் என்று நினைத்துத் தாக்குகிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல். ஒரு கண் திடீரென்று மங்கலாகும், அல்லது இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும். சில வாரங்களில் தானாகவே தேவலையாகிவிடும். பிறகு எப்போதாவது வேறொரு இடத்தில் மறுபடி வரும். டாக்டர்கள் ரிலாப்ஸ் என்பது இதைத்தான். சுமார் 85 சதவிகிதம் பேருக்கு நோய் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. உலகம் முழுக்க 28 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இதோடு வாழ்கிறார்கள். நம் நாட்டில் குறைவு என்றாலும், எம்.ஆர்.ஐ. பரவலான பிறகு கண்டுபிடிக்கப்படுவது கூடியிருக்கிறது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் இதுவும் ஒன்று.

ஆக்சிஜன் எங்கே உள்ளே வருகிறது? உடல் எடையில் மூளை வெறும் 2 சதவிகிதம்தான். ஆனால் நாம் இழுக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவிகிதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. மயலினில் பெரும்பகுதி கொழுப்பு. கொழுப்பு எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும். தாக்குதலின்போது அங்கே குவியும் எதிர்ப்பு அணுக்கள் ஃப்ரீ ரேடிக்கல்களையும் நைட்ரிக் ஆக்சைடையும் அள்ளி வீசுகின்றன. மயலின் செய்யும் செல்கள் சாகும்போது அவற்றில் இருந்த இரும்பு வெளியேறி நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது. நரம்பிழைக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா பழுதாகி, சக்தி இல்லாமல் இழையே அறுந்துபோகிறது. இறந்த நோயாளிகளின் மூளைத் திசுக்களைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்து வியன்னாவின் ஹான்ஸ் லாஸ்மன் போன்றவர்கள் உறுதிசெய்த விஷயம் இது. ஆக, ஆக்சிஜனேற்றச் சேதம் என்பது கம்பெனிக்காரர்கள் கட்டிய கதை இல்லை. அதற்கு மாற்று தங்கள் பாட்டிலில் இருக்கிறது என்பதுதான் கதை.

25 அடி நடை

இருக்கிற சப்ளிமென்ட்களில் அதிக நம்பிக்கை தந்தது ஆல்ஃபா லிபோயிக் ஆசிட். நம் ஊர் சர்க்கரை நோயாளிகளுக்கு இது புதிதல்ல. கால் எரிச்சலுக்கு மீத்தைல்கோபாலமினோடு சேர்த்து ‘நரம்பு மாத்திரை’ என்று எழுதிக் கொடுப்பார்களே, பெரும்பாலும் அதில் 100 மில்லிகிராம் இருக்கும். அமெரிக்காவின் ஓரிகன் மாகாணத்தில் ரெபெக்கா ஸ்பெயின் என்ற நரம்பியல் மருத்துவர், நோய் முற்றிய கட்டத்தில் இருந்த 51 பேரைக் கொண்டு 2 வருடம் பரிசோதித்தார். தினம் 1,200 மில்லிகிராம். எம்.எஸ். நோயில் மூளை வழக்கத்தைவிட வேகமாகச் சுருங்கும். போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வருடத்துக்கு 0.65 சதவிகிதம் சுருங்கியது. லிபோயிக் ஆசிட் சாப்பிட்டவர்களுக்கு 0.21 சதவிகிதம்தான். 2017-ல் இது வெளிவந்தபோது நரம்பியல் உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. உட்கார வேண்டியதும்தான்.

ஆனால் ஸ்கேனில் தெரிவது நடையில் தெரிய வேண்டும். எம்.எஸ். பரிசோதனைகளில் இதற்கென்று ஓர் எளிய தேர்வு உண்டு. மருத்துவமனை வராந்தாவின் தரையில் இரண்டு கோடுகள், நடுவில் 25 அடி. கைத்தடி தேவையென்றால் வைத்துக்கொள்ளலாம். விழாமல், முடிந்த அளவு வேகமாக நடக்கச் சொல்வார்கள். முன்கால் கோட்டைத் தாண்டியதும் ஸ்டாப்வாட்ச் நிற்கும். உடனே திரும்பி இன்னொரு முறை. இரண்டின் சராசரிதான் கணக்கு. நமக்கு நாலைந்து விநாடி வேலை. காலை இழுத்து இழுத்து வைப்பவருக்கு அந்த 25 அடி ஒரு தெருவின் நீளம். நேரத்தில் 20 சதவிகிதம் மாறினால் வாழ்க்கையில் ஏதோ மாறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதே ஓரிகன் குழு, பல மருத்துவமனைகளைச் சேர்த்துக்கொண்டு, இந்த நடையையே முக்கிய அளவுகோலாக வைத்து அடுத்த பரிசோதனையை நடத்தியது. லிபோயிக் ஆசிட் நடை வேகத்தைக் காப்பாற்றியதாகக் காட்ட முடியவில்லை.

அதற்காக அத்தியாயத்தை மூடிவிடவில்லை. பிரிட்டனில் 2023-ல் தொடங்கிய ‘ஆக்டோபஸ்’ என்ற பெரிய பரிசோதனையில், சர்க்கரை மருந்தான மெட்ஃபார்மினோடு லிபோயிக் ஆசிட்டும் சேர்க்கப்பட்டது. இடையிலேயே மூளை ஸ்கேனைப் பார்ப்பார்கள். பலன் தெரியாத மருந்தை அங்கேயே கழற்றிவிடுவார்கள். இப்படிச் சோதிப்பதுதான் முறை. கடையில் இருக்கும் 100 மில்லிகிராம் மாத்திரையை ஒரு நாளைக்கு 12 விழுங்கிப் பார்ப்பது முறையல்ல. அதோடு சேர்ந்துவரும் பி6 வைட்டமின் அளவு மீறி நீண்ட நாள் உள்ளே போனால், அதுவே நரம்பைக் கெடுக்கும்.

மஞ்சளும் கிரீன் டீயும்

மஞ்சளைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் வாசகர்கள் விடமாட்டார்கள். மஞ்சள்தூளில் குர்குமின் தோராயமாக 3 சதவிகிதம். ஒரு 500 மில்லிகிராம் கேப்ஸ்யூலில் 95 சதவிகிதம் குர்குமின் என்று லேபிள் சொன்னால், அது கிட்டத்தட்ட 15 கிராம் மஞ்சள்தூளுக்குச் சமம். குழம்பில் அரை ஸ்பூன் போடும் பொருள் அல்ல இது. தனியாகச் சாப்பிட்டால் குர்குமின் ரத்தத்தில் சேருவதும் மிகக் குறைவு. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-ல் மிளகிலுள்ள பைப்பரினோடு சேர்த்துக் கொடுத்து, மனிதர்களில் அது சேருவதை 20 மடங்கு உயர்த்திக் காட்டினார்கள். இன்று உலகச் சந்தையில் விற்கும் பல மஞ்சள் கேப்ஸ்யூல்களில் மிளகுச் சத்து இருப்பதற்குக் காரணம் அந்த ஆய்வு. அமெரிக்காவில் கல்லீரல் பாதிப்போடு வந்த மஞ்சள் கேப்ஸ்யூல்காரர்களைத் தொகுத்து ஆராய்ந்தபோது, சிலர் மிளகு சேர்த்ததைச் சாப்பிட்டிருந்தார்கள் என்பதும் தெரியவந்தது. சேராத பொருளைச் சேரவைத்தால், வேண்டியது மட்டுமா சேரும்? எம்.எஸ். நோயில் குர்குமினை இத்தாலியில் இன்டர்ஃபெரானோடு சேர்த்துப் பரிசோதித்தார்கள். ரிலாப்ஸைக் குறைத்ததாகக் காட்ட முடியவில்லை; நடுவில் விலகியவர்கள் வேறு ஏராளம்.

கிரீன் டீயின் கதை இன்னும் கவலைக்குரியது. அதிலுள்ள ஈ.ஜி.சி.ஜி. என்ற ஆன்டிஆக்ஸிடன்டை அமெரிக்காவின் லூசியானாவில் ஒரு நாளைக்கு 800 மில்லிகிராம் வீதம் எம்.எஸ். நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டாம் கட்டப் பரிசோதனையில், உண்மையான மருந்து பெற்ற 7 பேரில் 5 பேருக்குக் கல்லீரல் என்ஸைம்கள் மாறின. பரிசோதனை நிறுத்தப்பட்டது. பெர்லினில் 122 பேரிடம் 18 மாதம் நடந்த இன்னொரு பரிசோதனையில் பலன் ஒன்றும் தெரியவில்லை. மாலையில் ஒரு கோப்பை கிரீன் டீ குடிப்பவர்கள் இதைப் படித்துப் பதற வேண்டாம். சிக்கல் பிழிந்தெடுத்து அடைத்த கேப்ஸ்யூலில்தான். எம்.எஸ். மருந்துகளில் இன்டர்ஃபெரானும் டெரிஃப்ளூனோமைடும் தம் பங்குக்குக் கல்லீரலைத் தொந்தரவு செய்யக்கூடியவை. பரிசோதனை ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் என்ஸைம் ஏறியிருந்தால் டாக்டர் முதலில் சந்தேகப்படுவது தான் எழுதிய மருந்தைத்தான். நோயாளி சொல்லாத கேப்ஸ்யூல் அவர் கண்ணில் படாது. நல்ல மருந்து நிறுத்தப்படும், கேப்ஸ்யூல் தொடரும்.

ஜிங்கோ பிலோபாவை 120 பேரிடம் நினைவாற்றலுக்காகச் சோதித்தார்கள், பயனில்லை. கோ-என்ஸைம் க்யூ10 ஈரானில் 48 பேரிடம் அசதியைக் குறைத்ததாக ஒரு முடிவு உண்டு. 12 வாரச் சிறிய பரிசோதனை, பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது.

பயோட்டினை ஆன்டிஆக்ஸிடன்ட் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் விட்டுவிடவும் முடியாது. முடி கொட்டுகிறது என்று நம் பெண்கள் சாப்பிடும் அதே பயோட்டின். ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் என்ற பிரமாண்ட அளவில் கொடுத்தபோது முற்றிய எம்.எஸ். நோயாளிகளில் சிலர் தேறினார்கள் என்று 2016-ல் பிரான்ஸிலிருந்து தகவல் வந்தது. 2020-ல் 642 பேரிடம் நடந்த பெரிய பரிசோதனையில் அது தோற்றது. போகிற போக்கில் ஒரு சங்கடத்தையும் விட்டுச்சென்றது: அதிக பயோட்டின், தைராய்டு டெஸ்டையும் மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் டெஸ்டையும் குழப்பிவிடும். இல்லாத தைராய்டு நோய் இருப்பதாகக் காட்டலாம்; வந்துகொண்டிருக்கும் மாரடைப்பை மறைக்கலாம்.

ஏன் தோற்கின்றன?

ஒரு காரணம் இல்லை. விழுங்கும் பொருள்களில் பல, மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவில் உள்ள தடுப்பைத் தாண்டுவதே இல்லை. தாண்டினாலும் சேதம் நடக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போவதில்லை. தவிர, ஃப்ரீ ரேடிக்கல் என்றாலே வில்லன் என்று நினைப்பதும் பிசகு. செல்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறவும் கிருமிகளைக் கொல்லவும் அவையே பயன்படுகின்றன. கண்மூடித்தனமாக எல்லாவற்றையும் அணைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பின்லாந்து சாட்சி. அங்கே 29,133 புகைபிடிக்கும் ஆண்களைக் கொண்டு நடந்த பரிசோதனையின் முடிவு 1994-ல் வந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 18 சதவிகிதம் கூடியிருந்தது.

சுவாரஸ்யம் என்னவென்றால், இந்தப் பாதையில் ஒரே ஒரு மருந்து கரையேறியிருக்கிறது. 1959-ல் ஜெர்மனியில் வால்டர் ஷ்வெக்கன்டீக் என்ற வேதியியலாளர் தன்னுடைய சோரியாசிஸுக்கு ஃபியூமாரிக் அமிலத்தைத் தானே சாப்பிட்டுப் பார்த்தார். செடிகளிலும் நம் செல்களிலும் இயற்கையாகவே இருக்கும் பொருள் அது. அதன் ஒரு வடிவமான டைமெத்தில் ஃபியூமரேட், எம்.எஸ். மாத்திரையாக 2013-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ரிலாப்ஸ்களைப் பாதியாகக் குறைத்தது. இங்கேயும் ஜெனரிக் வடிவில் கிடைக்கிறது. அது நேரடி ஆன்டிஆக்ஸிடன்ட் இல்லை. செல்லுக்குள் என்.ஆர்.எஃப்.2 என்ற புரதத்தைத் தட்டி எழுப்பி, உடம்பையே ஆன்டிஆக்ஸிடன்ட்களைத் தயாரிக்கச் சொல்கிறது. வெளியூரிலிருந்து தண்ணீர் லாரி அனுப்புவதற்கும், ஊர்க் கிணற்றைத் தூர்வாரிக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம். அது எதிர்ப்பு அணுக்களையும் அடக்குகிறது. பலனில் எந்தப் பங்கு எதற்கு என்ற வாதம் இன்னும் முடியவில்லை. முகம் சிவப்பது, வயிற்றுக் கோளாறு, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைவது என்று பக்கவிளைவுகளும் உண்டு. வேலை செய்கிற பொருளுக்கு விலை இருக்கத்தான் செய்யும். பூச்சிகளின் மேல் வளரும் ஒரு பூஞ்சையில் கிடைத்த பொருளை ஜப்பானியர்கள் செதுக்கி உருவாக்கியதுதான் ஃபிங்கோலிமோட் என்ற எம்.எஸ். மருந்து. இயற்கைக்கும் எம்.எஸ். மருத்துவத்துக்கும் பகை எதுவும் கிடையாது.

“எனக்குச் சரியாப் போச்சே!”

இந்த இடத்தில் எப்போதும் ஒரு குரல் எழும்: “எங்க அண்ணி அந்த கேப்ஸ்யூல்தான் சாப்பிட்டாங்க, ரெண்டு வருஷமா ஒண்ணும் வரலை.” அண்ணி பொய் சொல்லவில்லை. டைமெத்தில் ஃபியூமரேட்டின் முக்கியப் பரிசோதனையில் 400-க்கும் மேற்பட்டவர்களுக்கு வெறும் போலி மாத்திரை கொடுக்கப்பட்டது. 2 ஆண்டுகளில் அவர்களில் 46 சதவிகிதம் பேருக்கு ரிலாப்ஸ் வந்தது. மீதி 54 சதவிகிதம் பேர்? மருந்தே இல்லாத மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு, ரிலாப்ஸ் இல்லாமல் 2 வருடத்தைக் கடந்தார்கள். அந்த மாத்திரைக்கு ஒரு பச்சை இலை லேபிளை ஒட்டி விற்றிருந்தால், பாதிக்கு மேற்பட்டவர்கள் மனதார நன்றி சொல்லி வீடியோ போட்டிருப்பார்கள். தானாக வந்து தானாகப் போகும் நோயில் சாட்சி சொல்ல ஆள் பிடிப்பது மிக எளிது.

சப்ளிமென்ட் பக்கம் சாய்பவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. எம்.எஸ். மருந்துகளின் விலை நடுத்தரக் குடும்பத்தின் முதுகெலும்பை முறிக்கும். ஊசி, இன்ஃப்யூஷன், மூன்று மாதத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை. இத்தனையும் பட்டு, நோய் குணமாகிவிட்டது என்று யாரும் சொல்லப்போவதில்லை. இன்னும் மோசமாகவில்லை என்றுதான் சொல்வார்கள். அந்த நேரத்தில் ‘பக்கவிளைவு இல்லாதது, வேரிலிருந்து சரிசெய்வது’ என்று ஒருவர் ஆதரவாகப் பேசினால் யாருக்குத்தான் சபலம் வராது? ஆத்திரமெல்லாம் அப்படிப் பேசுகிறவர்கள் மேல்தான். அவர்கள் விற்கும் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். மருந்து உரிம எண் இருக்காது, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற உணவு உரிம எண் இருக்கும். விதிப்படி ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வாசகமும் அங்கேயே இருக்க வேண்டும். வாயால் சொன்னது ஒன்று, லேபிளில் ஒப்புக்கொண்டது இன்னொன்று.

இவற்றில் மிகவும் அபத்தமானது ‘இம்யூனிட்டி பூஸ்டர்’. எதிர்ப்பு சக்தி வழிதவறித் தாக்குவதுதான் நோயே. அதை இன்னும் ஊக்குவித்து என்ன செய்யப்போகிறோம்? கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு சீந்தில் கொடிக் கஷாயம் குடித்தார்கள். அதன்பின் கல்லீரல் பாதிப்போடு வந்த 43 பேரை, நாட்டின் 13 மருத்துவ மையங்கள் சேர்ந்து 2022-ல் ஆவணப்படுத்தின. பலரிடம் உடலே தன் கல்லீரலைத் தாக்கும் ஆட்டோஇம்யூன் நோயின் அடையாளங்கள் தெரிந்தன. ஆயுஷ் அமைச்சகம் இப்படிச் சீந்திலைக் குற்றம் சொல்வதை ஏற்கவில்லை. அந்த விவாதம் எப்படிப் போனாலும், ஏற்கெனவே ஆட்டோஇம்யூன் நோய் உள்ளவர் தன் உடம்பை அதன் பரிசோதனைக்கூடமாக்க வேண்டியதில்லை.

கேப்ஸ்யூலால் நேரும் பெரிய நஷ்டம் கல்லீரலிலும் இல்லை, பணத்திலும் இல்லை. நோயின் முதல் சில வருடங்களில்தான் மருந்துகள் அதிகம் சாதிக்கும். அறுந்த நரம்பிழையை ஒட்டவைக்கும் மருந்து இன்றுவரை கிடையாது. “ஆறு மாசம் இதைப் பார்த்துட்டு அப்புறம் ஊசி போட்டுக்கலாம்” என்று தள்ளிப்போடும் காலத்தில், வெளியே ஒரு தொந்தரவும் இல்லாமலேயே எம்.ஆர்.ஐ.யில் புதுத் தழும்புகள் விழுந்துகொண்டிருக்கும்.

அப்படியானால் சாப்பாட்டுக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக மருத்துவர் டெரி வால்ஸ், தானே முற்றிய எம்.எஸ். நோயாளி. காய்கறி மலிந்த உணவால் சாய்வு சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து சைக்கிள் ஓட்டியதாகச் சொன்ன அவருடைய 2011-ம் வருட உரை உலகம் சுற்றியது. உடற்பயிற்சியும் தசைக்கான மின்தூண்டலும் அவர் செய்தவற்றில் சேர்த்தி என்பதைப் பகிர்ந்தவர்கள் விட்டுவிட்டார்கள். அவர் தன் கதையோடு நிற்காமல் பரிசோதனைகளும் நடத்தினார் என்பது பாராட்டுக்குரியது. அவருடைய உணவு முறையையும், கொழுப்பைக் குறைக்கும் பழைய ஸ்வாங்க் உணவு முறையையும் ஒப்பிட்டபோது, இரண்டிலுமே நோயாளிகளின் அசதி குறைந்தது.

சிகரெட்டை விடுவது எந்த ஆன்டிஆக்ஸிடன்ட் கேப்ஸ்யூலைவிடவும் மேல். புகைப்பவர்களுக்கு நோய் வேகமாக முற்றுகிறது. வைட்டமின் டி விஷயத்தில் நிலைமை சற்று வேறு. பிரான்ஸில் நோயின் ஆரம்பத்தில் இருந்தவர்களுக்கு 15 நாளுக்கு ஒருமுறை 1,00,000 யூனிட் கொடுத்த பரிசோதனை, 2025-ல் சாதகமான முடிவைத் தந்தது. நோயின் நடமாட்டம் போலி மருந்துப் பிரிவில் 74 சதவிகிதம் பேரிடம் தெரிந்தது, வைட்டமின் பிரிவில் 60 சதவிகிதம் பேரிடம். ஏற்கெனவே எம்.எஸ். மருந்து எடுப்பவர்களிடம் அமெரிக்காவில் நடந்த பரிசோதனையிலோ, அளவைக் கூட்டிக் கொடுத்தும் வித்தியாசம் தெரியவில்லை. ரத்தத்தில் அளவைப் பார்த்து, எவ்வளவு வேண்டும் என்பதை உங்கள் நரம்பியல் மருத்துவர் சொல்லட்டும். அடுத்த முறை அவரைப் பார்க்கப் போகும்போது, சாப்பிடுகிற சப்ளிமென்ட் பாட்டில்களை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பயோட்டின் அதில் இருந்தால், தைராய்டுக்கு ரத்தம் கொடுப்பதற்கு முன்பே லேப்காரரிடமும் சொல்லிவிடுங்கள்.